கழுத்தில் பட்ட காற்று

அத்தியாயம் 14

பார்லருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கதவு. மூன்று வருஷமாக மாமியார் அந்தக் கதவைத் திறந்ததில்லை. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போவாரே தவிர, மருமகளின் பார்லர் வழியாக ஒரு எட்டு வைக்கமாட்டார்.

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் கதவு திறந்தது.

திறந்தவர் உள்ளே வந்தார். திரும்பித் தாழ்ப்பாளும் போட்டார்.

மருமகள் மின்னலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல் டாக்டரம்மாவின் முகத்தில் வெள்ளரிச் சாறு கலந்த களிமண் பூச்சை அப்போதுதான் தடவி முடித்திருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"வாங்க அத்தை. ஏதாவது வேணுமா?"

"முடி வெட்டணும்."

"யாருக்கு?"

"இந்த ரூம்ல என்னை விட்டா யாருக்கு வெட்டுற அளவுக்கு முடி இருக்கு?"

பல் டாக்டரம்மாவின் கண்கள் இரண்டும் களிமண்ணுக்கு நடுவே அகலத் திறந்துகொண்டன.

அந்தக் கூந்தலைத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். ஐம்பத்தெட்டு வயதிலும் அடி கனம் குறையவில்லை. மாமியாருக்குத் தெருவில் பெயரே 'கூந்தல்காரம்மா'. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றும் தெருவையே பிளாட்பாரமாக நினைத்து நடக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் மாமாவுக்கோ அந்தக் கூந்தல்தான் வாழ்நாள் பெருமை. விசேஷ வீடுகளில் மனைவியை இரண்டடி முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவார். எல்லோரும் பின்னலைப் பார்ப்பதை அவர் பார்க்க வேண்டுமே!

போன வாரம் அந்தப் பெருமைதான் வினையாக வந்து சேர்ந்தது. பாத வெடிப்புக்குப் பார்லர் வந்த ஒரு விளம்பரக் கம்பெனிப் பெண், ஜன்னல் வழியே கொல்லைப்புறத்தைப் பார்த்துவிட்டாள். மாமியார் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கூந்தல் எண்ணெய் ஒன்றுக்கு இப்படி ஒரு தலையைத்தான் ஆறு மாசமாகத் தேடுகிறார்களாம். ஸ்டேஷன் மாஸ்டர் நின்ற இடத்திலேயே பச்சைக்கொடி காட்டிவிட்டார். பார்லருக்குச் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடியும் வாசலுக்கு விளக்கு வைத்த பெயர்ப்பலகையும் கம்பெனி போட்டுத்தரும் என்று பேச்சானது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மாமியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்று நாலு மணிக்குப் படம் எடுக்க வருகிறார்கள்.

"அத்தை, விளையாடாதீங்க," என்றாள் மின்னல். "இன்னும் அஞ்சு மணி நேரத்துல கேமராவோட வந்து நிப்பாங்க."

"அதனாலதான் இப்ப வந்தேன்."

"நாளைக்கு வெட்டிக்கலாமே? இன்னைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படம் எடுத்துட்டா..."

"நாளைக்கா? நாளைக்கு நான் மொட்டையே போட்டுக்கிட்டாலும் என் முடி ஊர் முழுக்க போஸ்டர்ல தொங்கிக்கிட்டிருக்கும். கீழ என்ன எழுதுவாங்க? இந்த எண்ணெயைத்தான் முப்பது வருஷமா தடவுறேன்னு எழுதுவாங்க. அந்த எண்ணெயை நான் மோந்து பார்த்ததுகூட இல்ல."

மின்னல் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள்.

"உன்னால முடியாதுன்னா சொல்லிடு," என்று மாமியார் நிதானமாகத் தொடர்ந்தார். "தெருமுனையில ஆம்பளைங்க சலூன் இருக்கு. அங்க போய் வரிசையில உக்காந்துக்கிறேன். எனக்கு வெக்கமெல்லாம் கிடையாது."

சொன்னதைச் செய்கிற ஆள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மின்னல் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "முதல்ல உக்காருங்க. வெட்டுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கொண்டையில் இருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். பதினாறு ஊசிகள். கூந்தல் அவிழ்ந்து நாற்காலியின் முதுகில் வழிந்து தரையில் சுருண்டது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நாளில் இருந்து எத்தனையோ தலைகளைப் பார்த்தவள்தான். இந்தத் தலையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. வகிட்டைப் பிரித்துப் பார்த்தவளின் விரல் நின்றுவிட்டது.

கொண்டை உட்காரும் இடத்தில் சிவந்து, ஒரு காசு அளவுக்குத் தோல் உரிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆறி ஆறித் தடித்த பழைய வடுக்கள். வகிடு ஓரத்தில் இழுபட்டு இழுபட்டே முடி போய், மண்டை பளபளத்தது.

"அத்தை, என்ன இது? வலிக்கலையா?"

"வலிக்காம?"

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார் கேட்டாங்க?"

குரலில் புகார் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். மின்னலுக்கு அதுதான் சுருக்கென்றது.

"கழுத்து வலிக்கு டாக்டர்கிட்ட போனேன்," என்றார் மாமியார், கண்ணாடியைப் பார்த்தபடி. "முட்டி வலியும் இருக்குன்னு சொன்னேன். தண்ணிக்குள்ள நடங்க, நீச்சல் கத்துக்குங்கன்னார். நம்ம தெரு தாண்டி நீச்சல்குளம் இருக்குல்ல? கோடைக்குக் காலையில ஒரு மணி நேரம் பொம்பளைங்களுக்கு மட்டும் விடுறாங்க. போனேன்."

"நீங்களா? எப்போ?"

"நீங்க ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டிருந்தப்போ. அங்க தலைக்குத் தொப்பி போட்டாத்தான் விடுவாங்களாம். மூணு தொப்பி குடுத்தாங்க. மூணும் பிச்சுக்கிட்டுப் போச்சு. 'இவ்வளவு முடிக்குத் தொப்பி இல்லம்மா, வீட்டுக்குப் போங்க'ன்னுட்டா அங்க இருந்த பொண்ணு. சின்னச் சின்னப் பிள்ளைங்க எல்லாம் தண்ணியில குதிக்குது. நான் வேலிக்கு வெளிய நின்னு பார்த்துட்டு வந்தேன்."

பல் டாக்டரம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். கன்னத்தில் பூச்சு விரிசல் விட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" மாமியார் கண்ணாடி வழியே மருமகளை நேராகப் பார்த்தார். "அந்த விளம்பரக்காரி, 'அம்மா ஒத்துக்குவாங்களா'ன்னு கேட்டா. கேட்டவ அவ ஒருத்திதான். அதுவும் என்கிட்ட இல்ல, உன்கிட்ட. நீ என்ன சொன்ன?"

மின்னலுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருந்தது.

"நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார் மாமியார். "'அத்தை ஒண்ணும் சொல்லமாட்டாங்க'ன்னு சொன்ன."

மின்னலின் கண் தானாகவே எதிர்ச்சுவருக்குப் போனது. அந்தப் பெரிய கண்ணாடி வரப்போகிற சுவர். நேற்றுத்தான் அளவெடுத்துப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்தாள். மூன்று வருஷமாக இரவல் கண்ணாடியில் தொழில் செய்கிறவள் அவள். அது ஓரத்தில் ரசம் போனது. வாடிக்கையாளர்கள் கழுத்தைச் சாய்த்துத்தான் முகம் பார்க்க வேண்டும்.

"தப்புதான் அத்தை," என்றாள்.

"தப்பை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப வெட்டு."

"எவ்வளவு வெட்டணும்?"

மாமியார் தாடைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இதுக்குக் கீழ ஒண்ணும் வேணாம்."

பல் டாக்டரம்மா நாற்காலியின் கைப்பிடியில் இருந்து ஒரு கையை எடுத்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மின்னல் முடியை நனைத்தாள். சீவினாள். கடைசி முறையாக ஒரு பின்னல் போட்டாள். மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர் இறுக்கினாள். பெரிய கத்தரிக்கோலை எடுத்து மேல் ரப்பருக்குச் சற்றே மேலே வைத்தாள்.

"அத்தை, இன்னொரு தடவை..."

"கேக்காதே. கேட்டா அழுதுடுவேன். அழுதா நீ நிறுத்திடுவ."

கத்தரிக்கோல் ஒரே கடியில் போகவில்லை. கயிறு அறுப்பது போல ஐந்தாறு தடவை கடித்தது. ஒவ்வொரு கடிக்கும் ஒரு கரகரப்பு. மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசி இழை விட்டபோது பின்னல் மின்னலின் கையில் தொங்கியது. எதிர்பார்த்ததைவிடக் கனம்.

மாமியாரின் தலை தானாக முன்னால் வந்து, பிறகு மேலே எழும்பியது. அழுத்தி வைத்திருந்த கையை யாரோ எடுத்துவிட்டது போல. கண்ணைத் திறந்தார். இடப்பக்கம் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார்.

"அடியம்மா!" என்றார். "இவ்வளவு லேசா இருக்குமா ஒரு தலை?"

அதற்குப் பிறகு மின்னலுக்கு அவளுடைய வேகம் திரும்பி வந்தது. காதோரம் சற்றுக் குட்டையாக, முன்னால் தாடை வரைக்கும் சாய்வாக, பின்னால் கழுத்து தெரியும்படி ஏற்றி வெட்டினாள். புண்ணுக்குக் கற்றாழைக் கூழை விரல் நுனியால் தொட்டு வைத்தாள். பின்கழுத்தில் மிஷினை ஓட்டியபோது அங்கே தோல் மட்டும் தனி நிறமாக, வெயிலே காணாமல் வெளுத்திருந்தது தெரிந்தது.

"இனிமே இங்கயும் சன்ஸ்கிரீன் போடணும் அத்தை. வெளிய போறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி. நீச்சலுக்குப் போனா, தண்ணியில இருந்து வந்து மறுபடியும் போடணும். இல்லாட்டி ஒரே வாரத்துல கருத்துப்போய்க் கோடு விழுந்துடும்."

"சரி. வேற என்ன போடணும்?"

"என்னது?"

"கழுத்து தெரியுது. கழுத்து தெரியுற மாதிரி உன்கிட்ட சட்டை இருக்கா?"

மூலையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, பார்லரிலேயே விற்க மின்னல் வாங்கிவைத்த கோடைச் சட்டைகள். மொத்தக் கடைகளில் இரண்டு நாள் அலசி, வேர்வை உறிஞ்சுகிற பருத்தியாக, சாயம் போகாததாக, எல்லாவற்றிலும் பாக்கெட் இருக்கும்படி பொறுக்கி எடுத்தவை. மாமியார் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெளிர் நிறங்களை எல்லாம் தாண்டிப் போய், நல்ல எலுமிச்சை மஞ்சளில் காலர் இல்லாத ஒன்றை உருவினார்.

"இது உங்களுக்குப் பளிச்சுன்னு..." என்று ஆரம்பித்த மின்னல் நிறுத்திக்கொண்டாள்.

"பளிச்சுன்னு இருக்கட்டுமே. பாக்கெட் வேற வச்சிருக்கான்!" மாமியார் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு விற்பனைக்குத் தோடுகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "அந்தத் தொங்கட்டான். அந்த நீளமானது. எந்தத் தோடு போட்டாலும் முடியில மாட்டிக்கும்னு வாழ்நாள் பூரா ஒத்தைக் கல்லோட காலத்தை ஓட்டியாச்சு."

பல் டாக்டரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தபோது முதலில் செய்த காரியம், மாமியாரின் பின்னால் போய் நின்று கழுத்தில் ஊதியதுதான்.

"எப்படி இருக்கு?"

"காத்து படுது," என்றார் மாமியார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மின்னல் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து பார்த்ததில்லை.

சொன்னால் சொன்ன நேரம். நாலு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் விளம்பரக்காரியையும், விளக்குக் குடைகளைத் தூக்கிய புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு தெருவாசல் வழியாகப் பார்லருக்குள் நுழைந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். மீசையைக்கூடச் சீர்செய்திருந்தார்.

நாற்காலியில் மஞ்சள் சட்டையில் ஒரு பெண் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இந்தாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காருங்க. எங்க வீட்டுக்காரம்மா உக்காரணும்," என்றார்.

நாற்காலி மெல்லத் திரும்பியது.

"உக்காந்துதான் இருக்கேன்," என்றார் மாமியார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. விளம்பரக்காரி "ஐயோ" என்றாள். புகைப்படக்காரர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"என்ன பண்ணிட்ட?" மாமாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. "என்னடி பண்ணிட்ட?"

"முடி வெட்டிக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"என் தலையைப் படம் எடுக்க ஆள் கூட்டிட்டு வந்தீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருடைய கை அரைகுறையாக நீண்டு, பழைய பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றில் நின்றது. மின்னலுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. "ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "இனி நான் எப்படி வெளிய தலை காட்டுறது?"

"உங்க தலை அப்படியேதானே இருக்கு? காட்டுங்க. யார் வேணாம்னா?"

விளம்பரக்காரி சுதாரித்துக்கொண்டாள். அவள் பிழைப்பே அதுதான். மேஜையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் கிடத்தியிருந்த பின்னலைப் பார்த்ததும் அவள் முகத்தில் களை திரும்பியது. நேராக மின்னலிடம் வந்தாள்.

"இதை மறுபடியும் ஒட்ட முடியும்ல? பின்பக்கத்துல இருந்துதானே படம். உங்க கைக்கு ஒரு மணி நேர வேலை. க்ளிப் வச்சு மறைச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடிக்கு ஆள் சொல்லிட்டேன். திங்கட்கிழமை வந்து மாட்டிடுவாங்க. போர்டும் ரெடி. உங்க பேர் பெரிசா, விளக்கோட."

மின்னல் பின்னலைப் பார்த்தாள். முடியும். ஒரு மணி நேரம்கூட வேண்டாம், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அப்படி ஒட்டினால் மாமாவின் மானம் காப்பாற்றப்படும். வீட்டில் சண்டை இராது. சுவரில் கண்ணாடி வரும்.

மாமியார் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மருமகள் என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தார்.

"ஒட்ட முடியும்," என்றாள் மின்னல். "ஒட்ட மாட்டேன்."

"என்னங்க இது, இவ்வளவு நல்ல வாய்ப்பை..."

"அந்த இடத்துல புண்ணு இருக்கு. க்ளிப் போட்டா ரத்தம் வரும். புண்ணு இல்லாட்டியும் மாட்டேன். போன வாரம் அவங்க சார்பா நான் பதில் சொன்னது தப்பு. நான் கேட்டிருக்கணும்."

"கண்ணாடி..."

"எனக்கு இருக்கிற கண்ணாடியே போதும். கழுத்தைச் சாய்ச்சுப் பார்த்தா நல்லாவே தெரியும்."

விளம்பரக்காரி மாமியார் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களாவது..."

மாமியார் எழுந்தார். பின்னலைச் செய்தித்தாளோடு சுருட்டி அவள் கையில் வைத்தார். "உங்களுக்கு வேண்டியது இதுதானே? எடுத்துட்டுப் போய் எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. அது எதுவும் சொல்லாது."

அவள் நெருப்பைத் தொட்டது போலப் பொட்டலத்தை மேஜையில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். புகைப்படக்காரர் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்களுக்கு நல்லா இருக்கும்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவர் தெருவில் இறங்கி, நாற்காலி ஒன்றைப் போட்டு, பார்லர் பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். மகன் வரும் வரை எழுந்திருக்கவில்லை.

மகன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுவதைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் பதறாத ஆள். ஐந்தரை மணிக்குக் கருவிப்பெட்டியோடு வந்தவனை அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏணியை எடு."

"எதுக்குப்பா?"

"அந்த போர்டைக் கழட்டு. இது என் வீடு. என் வீட்டு முன்ரூம்ல இனிமே கடை கிடையாது. நாளைக்குக் காலையில ரூம் காலியா இருக்கணும்."

மின்னல் பார்லர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. அவன் அவளைப் பார்த்தான். மேலே போர்டைப் பார்த்தான். கருவிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏங்க..." என்றாள் மின்னல்.

அவன் ஏணியைச் சாய்த்து ஏறினான். திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நடந்து போனவர்களும் நின்றார்கள். கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார் வெளியே வந்தார். மஞ்சள் சட்டை, ஆடுகிற தொங்கட்டான், திறந்த கழுத்து. தெருவே வாயைப் பிளந்தது. யாரோ "கூந்தல்காரம்மாவா அது?" என்றார்கள்.

"ஆமா," என்றார் மாமியார், சத்தமாகவே. "இனிமே வேற பேர் யோசிச்சு வைங்க."

ஏணியின் உச்சியில் இருந்து மகன் கீழே பார்த்தான். திருப்புளியை வாயில் இருந்து எடுத்தான்.

"அம்மா."

"என்னப்பா?"

"திரும்பு."

மாமியார் திரும்பிக் காட்டினார். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். லிஃப்ட் கதவு மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"இடது பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கு," என்றான் மனைவியிடம். "சரி பண்ணிடு."

பிறகு போர்டின் பக்கம் திரும்பி, ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகாணியை முறுக்கினான். கழற்றவில்லை, இறுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலையும் இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினான்.

"காத்துல ஆடிக்கிட்டிருந்தது," என்றான் அப்பாவிடம். "யார் தலையிலயாவது விழுந்திருக்கும்."

மின்னல் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து நிமிஷத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் ஒரு பையோடு வெளியே வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மாமியார்.

"என் பொண்ணு வீட்டுக்கு. என்னை மதிக்கிற ஒரு பிள்ளையாவது இருக்கே எனக்கு."

"சரி, போயிட்டு வாங்க. மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?"

அவர் பையைத் திறந்து பார்த்தார். மாத்திரை இல்லை. மாமியார் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டார். மனைவியின் தலையை மட்டும் பார்க்காமல், நேராகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

ஆறேகாலுக்கு மின்னலின் போன் அடித்தது. நாத்தனார். அப்பா வந்து அழுதிருப்பார், தன்னை நாலு கேள்வி கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் எடுத்தாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். குளியலறைக்குள் நின்று பேசுவது போலக் குரல் எதிரொலித்தது. "அம்மா நிஜமாவே வெட்டிக்கிட்டாங்களா?"

"ஆமா. நான்தான் வெட்டினேன். என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ."

"திட்டலை அண்ணி. மெதுவா பேசுங்க, அவங்க எல்லாரும் ஹால்ல இருக்காங்க. அப்பா வர்ற வழியிலேயே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டாராம். அம்மா முடி போனா என்ன, அதே முடி என் பொண்ணுக்கும் இருக்குன்னு சொல்லிட்டாராம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இங்க வர்றாங்க. எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டார், என் மாமியாரும் சரின்னுட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் குழாய் சொட்டுவது கேட்டது.

"என்னை யாரும் எதுவும் கேக்கலையே அண்ணி," என்றாள். யாரோ கதவைத் தட்டினார்கள். போன் துண்டிக்கப்பட்டது.

மின்னல் திரும்பினாள். மாமியார் கதவோரம் நின்றிருந்தார். போன வாரம் போலவே எல்லாம் காதில் விழுந்திருந்தது. இந்தத் தடவை கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"செருப்பை மாட்டு," என்றார்.

"இப்பவேவா அத்தை?"

"இப்பவே. பத்து மணிக்கு ஆள் வரும்னா அதுக்கு முன்னாடி யாராவது அவளைக் கேக்க வேணாமா?"

லிஃப்ட் மெக்கானிக் வண்டிச் சாவியை எடுத்தான். மின்னலின் கை மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலின் பக்கம் போய்த் தயங்கியது.

"அத்தை, இதை எடுத்துக்கட்டுமா?"

மாமியார் யோசித்தார். பின்கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"அவளுக்கு நீள முடி பிடிச்சிருக்கலாம். படம் எடுக்கிறதுகூடப் பிடிச்சிருக்கலாம். அப்படின்னா நானே பின்னிவிட்டுட்டு வருவேன்," என்றார். "பிடிக்கலைன்னா?"

மருமகள் கத்தரிக்கோலைத் துடைத்து, உறைக்குள் போட்டு, பையில் வைத்துக்கொண்டாள்.